24 வோல்ட் சோலார், பேட்டரி நடுராத்திரி தாண்டல: லித்தியம் மாத்தணுமா, பேனல் கூட்டணுமா?

கரிசல்தோட்டம்

வணக்கம். அருப்புக்கோட்டை பக்கம் தோட்ட வீடு. ஈபி லைன் இப்போதைக்கு வராது, முழுக்க சோலார்தான்.

இருப்பது: 270 வாட் பேனல் 3, மூணும் பேரலல். தகரக் கூரை மேலேயே கிளாம்ப் போட்டுப் பதிச்சிருக்கு. பேனல்லேருந்து பேட்டரிக்குச் சார்ஜ் அனுப்ப 40 ஆம்ப் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர். 12 வோல்ட் 150 ஏ.எச். (ஆம்ப்அவர்) சி10 (10 மணி நேரத்துல காலியாகுற கணக்கு) டியூபுலர் லெட் ஆசிட் பேட்டரி 2, சீரிஸ்ல 24 வோல்ட். 2 கேவிஏ சைன் வேவ் இன்வெர்ட்டர்.

ஓடுவது: 9 வாட் எல்இடி 6, பிஎல்டிசி ஃபேன் 2, 190 லிட்டர் ஒற்றைக்கதவு ஃபிரிட்ஜ், 32 இன்ச் டிவி, வைஃபை ரவுட்டர், காலைல கொஞ்சம் மிக்ஸி.

பேட்டரி வாங்கி ஒன்றரை வருஷம் ஆகுது. இப்போ ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணிக்கு இன்வெர்ட்டர் கத்திட்டு நின்னுடுது. கடைக்காரர் "பேட்டரி போச்சு, லித்தியம் போடுங்க" என்கிறார். இன்னொருத்தர் 540 வாட் பேனல் ஒண்ணு சேர்த்தாப் போதும்னு சொல்றார். எதுல காசு போடலாம்?

வெயில்வாட்

ரெண்டிலும் இப்போது போடாதீர்கள். முதலில் இந்த விவரங்கள் வேண்டும்.

பேனலின் பின்பக்க லேபிளில் உள்ள வி.எம்.பி. (அதிக வாட் தரும்போது வரும் வோல்ட்), ஐ.எம்.பி. (அப்போது வரும் ஆம்ப்), வி.ஓ.சி. (எதிலும் இணைக்காதபோது வரும் வோல்ட்) மூன்றும். ஒரு பேனலில் மொத்தம் எத்தனை செல் கட்டம். பேனலிலிருந்து கன்ட்ரோலர் வரை கேபிள் நீளம், தடிமன். நல்ல வெயில் நாளில் பகல் 12:30க்கு பேட்டரி முனையிலேயே மீட்டர் வைத்து வோல்ட், கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்குப் போகும் ஒயரில் ஆம்ப். ஆம்புக்கு டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். மலிவான கிளாம்ப் பலவும் ஏசி ஆம்ப் மட்டும்தான் காட்டும், டிசியில் பூஜ்யம் காட்டி ஆளைக் குழப்பும்.

மாலை 5 மணிக்கு, வெயில் இறங்கியபின், 12 செல்லிலும் ஹைட்ரோமீட்டர் ரீடிங், அதாவது ஆசிட்டின் அடர்த்தி (கிராவிட்டி). இதுதான் முக்கியம். அளப்பதற்கு முன் தண்ணீர் ஊற்றாதீர்கள். புதுத் தண்ணீர் மேலேயே நிற்கும், ரீடிங் பொய்யாகக் குறையும்.

கரிசல்தோட்டம்

எடுத்துட்டேன்.

பேனல்: 60 செல், வி.எம்.பி. 31.1, ஐ.எம்.பி. 8.68, வி.ஓ.சி. 38.3. கேபிள் 6 ஸ்கொயர் எம்எம், ஒரு பக்கம் 12 மீட்டர். மூணு பேனலும் கூரையிலேயே சேர்ந்து ஒரே ஜோடி ஒயரா இறங்குது.

பகல் 12:30: பேட்டரி 26.9 வோல்ட், 15 ஆம்ப். ஃபிரிட்ஜ், ஒரு ஃபேன், ரவுட்டர் ஓடிட்டிருந்தது. கன்ட்ரோலர்ல "ஃபுல்" லைட் எரிஞ்சு நான் பார்த்ததே இல்ல.

மாலை கிராவிட்டி: முதல் பேட்டரி 1.200லிருந்து 1.210 வரை. ரெண்டாவது 1.190 பக்கம், அதுல ஒரு செல் மட்டும் 1.165.

வெயில்வாட்

லேபிளிலேயே விடை இருக்கிறது. 24 வோல்ட் பேட்டரிக்கு பி.டபிள்யூ.எம். வைத்தால் 72 செல் பேனல் வேண்டும், அதன் வி.எம்.பி. 37 வோல்ட் அளவில் இருக்கும். உங்களுடையது 60 செல். 31.1 என்பது செல் 25 டிகிரியில் இருக்கும்போது வரும் எண். தகரத்தோடு ஒட்டிய பேனல் சித்திரை வெயிலில் 70 டிகிரி போகும். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் குறைகிறது. 45 டிகிரி ஏற்றத்துக்கு 18 சதவீதம். 31.1 என்பது 25.5 ஆகிவிடும்.

பி.டபிள்யூ.எம். வெறும் சுவிட்ச் மாதிரி. பேட்டரி எந்த வோல்டில் இருக்கிறதோ அதே வோல்டில் பேனலை வேலை செய்யவைக்கும். பேட்டரி 25இல் இருக்கும்வரை ஆம்ப் நன்றாக வரும். பேட்டரி ஏற ஏற, பேனல் தன் வி.எம்.பி.யைத் தாண்டி வேலை செய்யவேண்டி வரும், ஆம்ப் சரியும். டியூபுலர் முழுதாக நிறைய 28.8 வோல்டுக்கு மேல் போய் அங்கேயே இரண்டு மூன்று மணி நேரம் நிற்கவேண்டும். அந்தக் கட்டத்தில் உங்கள் பேனல்கள் தரக்கூடியதில் பாதிதான் வரும். அதில் 5 ஆம்ப் வீட்டு லோடுக்குப் போய்விடும். கேபிளிலும் போகிறது: போகவர 24 மீட்டர், 6 ஸ்கொயர் செம்பில் சுமார் 0.08 ஓம், 15 ஆம்புக்கு 1.2 வோல்ட் இழப்பு.

எனவே பேட்டரி தானாகப் பழுதாகவில்லை. ஒன்றரை வருஷமாக அரைவயிறு சாப்பிட்டு, தினமும் ராத்திரி அடிமட்டம் வரை போயிருக்கிறது. நிறையாத லெட் ஆசிட்டில் சல்பேட் கெட்டிப்பட்டு உட்காரும். கிராவிட்டி முழுச் சார்ஜில் 1.240 பக்கம் வரவேண்டும், சரியான எண் பேட்டரி மூடியிலோ கையேட்டிலோ இருக்கும்.

முதல் செலவு எம்.பி.பி.டி. கன்ட்ரோலர். அது பேனலை அதன் வி.எம்.பி.யிலேயே ஓடவிட்டு, வோல்டை இறக்கி ஆம்பைக் கூட்டித் தரும். மூன்று பேனலையும் சீரிஸ் ஆக்குங்கள்: வி.எம்.பி. 93, வி.ஓ.சி. 115. 150 வோல்ட் 35 ஆம்ப் ரகம் தாங்கும். வெயிலில் 76 வோல்டாக இறங்கினாலும் பேட்டரிக்குத் தேவையானதைவிட மிக அதிகம், அது இறக்கிக் கொடுக்கும். அதே பழைய கேபிளில் இப்போது 8.7 ஆம்ப்தான் ஓடும், இழப்பு 0.7 வோல்ட், அதுவும் 76இல். கேபிள் மாற்றவேண்டாம்.

கூடவே பேனலைத் தகரத்திலிருந்து ஒரு சாண் தூக்கி ஆங்கிளில் மாட்டுங்கள். அடியில் காற்று போனால் 10 டிகிரி குறையும்.

அகல்விளக்கு

எம்.பி.பி.டி. அவசியம், மறுப்பில்லை. ஆனால் அது மட்டும் போதாது. கணக்கைப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு: விளக்கு 9 × 6 × 5 மணி = 270 வாட்அவர். ஃபேன் 28 × 2 × 10 மணி = 560. ஃபிரிட்ஜுக்கு ஸ்டார் லேபிளில் ஆண்டு யூனிட் போட்டிருக்கும், 365ஆல் வகுங்கள். 220 என்றால் நாளுக்கு 600. டிவி 200. ரவுட்டர் 10 வாட்தானே என்று விடுவார்கள், 24 மணி நேரத்துக்கு 240. மொபைல், மிக்ஸி சேர்ந்து 130. ஆக 2000.

பட்டியலில் வராத ஒன்று இன்வெர்ட்டர். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த 2 கேவிஏ, ஒரு பல்பு கூட எரியாமல் சும்மா இருந்தாலே 25 வாட் அளவு குடிக்கும். நாளுக்கு 600. உங்கள் ஃபிரிட்ஜுக்குச் சமம். மாற்றும்போது போகும் பத்து சதவீதத்தையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து எடுப்பது 2800.

இதில் மாலை 6 முதல் காலை 7 வரை மட்டும் சுமார் 1900. பேட்டரி மொத்தமே 24 × 150 = 3600. அதாவது நிறைந்த புதுப் பேட்டரியிலேயே தினமும் பாதிக்கு மேல் இறங்குகிறது.

டியூபுலரில் 1900 எடுக்க 2350 போடவேண்டும். பகல் லோடு 900. மொத்தம் 3250 உற்பத்தி வேண்டும். 810 வாட் பேனல், 5 மணி நேர முழு வெயில், தூசி, சூடு, இழப்பு எல்லாம் கழித்து 0.7 போட்டால் 2800தான் வருகிறது. சித்திரையிலேயே இடிக்கிறது; ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம்.

ஆக, 4ஆவது பேனல் வேண்டும். அங்கேதான் கவனம்: நான்கையும் சீரிஸ் போட்டால் 38.3 × 4 = 153 வோல்ட். 150 வோல்ட் கன்ட்ரோலர் காலிதான். மார்கழி விடியற்காலைக் குளிரில் இன்னும் சில வோல்ட் ஏறும். வி.ஓ.சி. வரம்பைத் தொட்டால் ஃபியூஸ் காப்பாற்றாது, உள்ளே செமிகண்டக்டர் போய்விடும், வாரண்டியும் கிடையாது.

4 பேனல் என்று முடிவானால் இரண்டு இரண்டாக சீரிஸ், அந்த இரண்டையும் பேரலல். வி.ஓ.சி. 77, வி.எம்.பி. 62, ஆம்ப் 17.4. இதற்கு 100 வோல்ட் 50 ஆம்ப் கன்ட்ரோலர் போதும். கேபிள் இழப்பு 1.4 வோல்ட், இரண்டரை சதவீதத்துக்குள். முதலிலேயே முடிவு செய்துவிட்டுக் கன்ட்ரோலர் வாங்குங்கள், பிறகு மாற்றினால் இரட்டைச் செலவு.

கரிசல்தோட்டம்

ரொம்ப நன்றி. 270 வாட் இப்போ கடைல கிடைக்கல, 540தான் இருக்கு. அதையே நாலாவதா சேர்க்கலாமா? இன்னொரு கேள்வி: பழைய பேட்டரியைத் தூக்கிப் போடணுமா, மீட்க முடியுமா?

அகல்விளக்கு

540ஐ இவற்றோடு கோக்காதீர்கள். அது 13 ஆம்ப் பேனல். சீரிஸில் போட்டால் 8.7க்கு இறங்கிவிடும், மூன்றில் ஒரு பங்கு வீண். வி.எம்.பி. 41 பக்கம் என்பதால் 62 அல்லது 93 வோல்ட் வரிசைக்குப் பேரலலாகவும் பொருந்தாது.

வழி இருக்கிறது: 540க்குத் தனியாக ஒரு சின்ன எம்.பி.பி.டி., 100 வோல்ட் 20 ஆம்ப். பழைய மூன்றுக்கு 150/35. இரண்டு கன்ட்ரோலரும் ஒரே பேட்டரியில் இணையலாம், ஒன்றையொன்று கெடுக்காது. அப்சார்ப்ஷன் (நிறைக்கும் கடைசிக் கட்டம்), ஃபுளோட் (நிறைந்தபின் தாங்கி நிற்பது) வோல்ட் இரண்டு கன்ட்ரோலரிலும் ஒரே எண்ணாக இருக்கவேண்டும். பேட்டரி முனையிலிருந்து தனித்தனி ஒயர், தனித்தனி ஃபியூஸ். ஒன்று கெட்டாலும் மற்றது ஓடும் என்பது மழைக்காலத்தில் பெரிய ஆறுதல். மொத்தம் 1350 வாட் ஆகிறது. பழைய ஸ்டாக்கில் 60 செல், ஐ.எம்.பி. 8.7 முதல் 9 வரை உள்ள பேனல் கிடைத்தால் மட்டும் இரண்டுக்கு இரண்டு வழி.

150 ஏ.எச். டியூபுலருக்குள் 20, 22 ஆம்புக்கு மேல் போகக்கூடாது. கன்ட்ரோலர் அமைப்பில் உச்ச ஆம்பைக் கட்டுங்கள். வீட்டு லோடையும் சேர்த்து இரண்டிலும் மொத்தம் 27 வைக்கலாம். பேனல் அதிகம் போடுவது நண்பகல் உச்சத்துக்காக இல்லை, மேகமூட்டத்துக்காக. வானம் மூடினால் பேனலின் வாட்டில் பத்து, இருபது சதவீதம்தான் வரும். அப்போது பேட்டரி பெரிதாக இருந்து பயனில்லை, அதை நிரப்ப ஆள் வேண்டுமே.

சாய்வு: தெற்கு நோக்கி 15 டிகிரி. உங்கள் ஊர் ஒன்பதரை டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. மார்கழியில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 33 டிகிரி தெற்கே இருக்கும், ஆனி மாதம் 14 டிகிரி வடக்கே போய்விடும். ஆண்டு முழுக்கக் கூட்டினால் 10 டிகிரி சிறந்தது. ஆனால் லைன் இல்லாத வீட்டுக்குக் கணக்குப் போடவேண்டியது மோசமான மாதத்தை வைத்து. ஆனியில் கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை, வெயில் இருக்கும்.

டிஸ்டில்டு

பேட்டரி பற்றி நான் சொல்கிறேன். தூக்கிப் போடும் முன் ஒரு முயற்சி செய்யலாம், ஆனால் எம்.பி.பி.டி. மாட்டிய பிறகுதான். பழைய கன்ட்ரோலரில் ஈக்வலைஸ் (செல்களைச் சமப்படுத்த வேண்டுமென்றே கூடுதல் வோல்டில் ஏற்றுவது) வோல்ட் வரவே வராது.

அமைப்பு: அப்சார்ப்ஷன் 29.0, குறைந்தது 2 மணி நேரம், முடிந்தால் 3. ஃபுளோட் 27.2. வெப்ப ஈடு: 25 டிகிரிக்கு மேல், 12 செல்லுக்கு டிகிரிக்கு 48 மில்லிவோல்ட் குறையும்படி. உங்கள் ஊரில் பேட்டரி 38 டிகிரி என்றால் 29.0 என்பது 28.4 ஆகும், அது சரிதான். சென்சரைப் பேட்டரி உடம்பில் டேப் போட்டு ஒட்டவேண்டும். கன்ட்ரோலர் உள்ளே இருக்கும் சென்சர் கன்ட்ரோலரின் சூட்டை எடுத்துக்கொண்டு வோல்டைத் தேவையில்லாமல் குறைக்கும். கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் செல்லும்.

சில கன்ட்ரோலரில் "டெய்ல் கரண்ட்" என்று ஒன்று வரும். ஆம்ப் அந்த அளவுக்கு இறங்கினால் நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். கன்ட்ரோலருக்கு வீட்டு லோடும் பேட்டரியும் பிரித்துத் தெரியாது. ஃபிரிட்ஜ் ஓடும்போது அந்த எண் இறங்கவே இறங்காது, நின்றதும் சடாரென்று இறங்கும். பேட்டரி ஆம்பைத் தனியாக அளக்கும் ஷன்ட் இல்லாவிட்டால் அதை அணைத்துவிட்டு நேரக் கணக்கில் விடுங்கள்.

மீட்பு: நான்கைந்து நல்ல வெயில் நாள் தொடர்ந்து இரவு லோடைக் குறைத்து, தினமும் அப்சார்ப்ஷன் முடியவிடுங்கள். பிறகு ஒரு நாள் ஈக்வலைஸ், 30.8 வோல்ட். அதற்கு முன் இன்வெர்ட்டரை அணைத்து டிசி ஒயரையும் கழற்றுங்கள். பல 24 வோல்ட் இன்வெர்ட்டர்களுக்கு 30க்கு மேல் ஆகாது. அறை ஜன்னல் திறந்திருக்கட்டும், ஹைட்ரஜன் கிளம்பும், அங்கே சூடம் ஊதுபத்தி வேண்டாம். பிளேட் மூழ்கும் அளவு தண்ணீர் இருந்தால் போதும், நிரப்புவது முடிந்த பிறகு. அரை மணிக்கு ஒரு தடவை கிராவிட்டி எடுங்கள். மூன்று தடவை தொடர்ந்து ஏறாமல் நின்றால் முடிந்தது. திரவம் 50 டிகிரி தொட்டால் நிறுத்திவிடுங்கள். ரீடிங்கை 27 டிகிரிக்குத் திருத்தவேண்டும்: 10 டிகிரி அதிகம் என்றால் 0.007 கூட்டுங்கள்.

இதை வாரம் ஒரு முறை, மூன்று முறை செய்து பாருங்கள். அந்த 1.165 செல் மற்றவற்றைவிட 0.030 பின்தங்கியே நின்றால் அந்தப் பேட்டரி முடிந்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைக் கெடுக்கும். இரண்டையும் மாற்றவேண்டி வரும். எவன் சொன்னாலும் ஆசிட் மட்டும் ஊற்றாதீர்கள். ஹைட்ரோமீட்டர் ஏறும், கொள்ளளவு ஏறாது.

கொள்ளளவு பார்க்க: முழுதாக நிரப்பி, மூன்று மணி ஓய்வு, பிறகு 100 வாட் குண்டு பல்பு மூன்று மட்டும் எரியவிடுங்கள். இன்வெர்ட்டர் இழப்போடு சேர்ந்து பேட்டரியில் 15 ஆம்ப் பக்கம் வரும். 21.6 வோல்டுக்கு இறங்க எத்தனை மணி என்று பாருங்கள். புதுசு 10 மணி தாங்கும். 6 மணி தாங்கினால் கொஞ்ச நாள் ஓட்டலாம். 4 என்றால் பழைய பேட்டரி விலைக்குப் போட்டுவிடுங்கள்.

இன்வெர்ட்டரின் லோ கட் (தானாக நிற்கும் வோல்ட்) 21 வோல்ட் என்றுதான் இருக்கும். அது கரண்ட் கட்டுக்கு எப்போதாவது ஓடும் வீட்டு யூபிஎஸ் கணக்கு. தினமும் ஓடும் இடத்தில் அது பேட்டரியைச் சுரண்டி எடுப்பது. மாற்ற முடிந்தால் 23.2 வையுங்கள்.

செம்புக்கம்பி

லித்தியத்தை எல்லோரும் ஓரங்கட்டிவிட்டீர்கள். 25.6 வோல்ட் 100 ஏ.எச். எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) 2560 வாட்அவர். இவர் ராத்திரிக்கு எடுக்கும் 1900ஐ அலட்டாமல் தரும். முக்கியமாக அதில் 1900 எடுக்க 2000 போட்டால் போதும், டியூபுலரில் 2350. மிச்சமாகும் 350, ஒரு பேனல் தருவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பாதியில் நின்றாலும் சல்பேட் பிரச்சினை கிடையாது. டியூபுலர் தேறாவிட்டால் மறுபடி டியூபுலர் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் கடைக்காரர் சொல்வதுபோல இதே பி.டபிள்யூ.எம்.மில் மாட்டக்கூடாது. செல்களைச் சமப்படுத்தும் வேலையை பிஎம்எஸ் (லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) செல்லுக்கு 3.4 வோல்டுக்கு மேல் போனால்தான் பொதுவாகச் செய்யும். மொத்தம் 28 வோல்டைத் தொட்டு நிற்காத அமைப்பில் செல்கள் மெல்ல விலகி, ஒரு செல் மட்டும் முந்திக்கொண்டு பிஎம்எஸ்ஸை வெட்டவைக்கும். பகலில் சார்ஜ் ஓடும்போது பிஎம்எஸ் வெட்டினால் பேனலின் 35 வோல்ட் நேராக இன்வெர்ட்டர் மேல் ஏறவும் வாய்ப்புண்டு.

எம்.பி.பி.டி.யில் லித்திய அமைப்பு: 28.2, அரை மணி, ஃபுளோட் 27.0, ஈக்வலைஸ் அணைக்கவும், வெப்ப ஈடு பூஜ்யம். இன்வெர்ட்டர் லோ கட் 24.5. 21இலேயே விட்டால் பிஎம்எஸ்தான் முதலில் வெட்டும் நிலைக்குப் போகும். அதன்பின் பேட்டரி வோல்ட் தெரியாமல் சில கன்ட்ரோலர்கள் காலையில் எழுந்திருக்கவே செய்யாது, வீடு இருட்டிலேயே கிடக்கும்.

வெயில்வாட்

ஒப்புக்கொள்கிறேன், வரிசை மாறாமல் இருந்தால் சரி: முதலில் கன்ட்ரோலர், பிறகு பேனல், பேட்டரி சோதனை முடிவைப் பார்த்து லித்தியம்.

காசு செலவில்லாமல் செய்யக்கூடியதும் இருக்கிறது. ஃபிரீசரில் உப்புத் தண்ணீர் பாட்டில் நான்கு வையுங்கள். பகலில் உறையும், ராத்திரி 11 முதல் 6 வரை ஃபிரிட்ஜை அணைத்துவிடலாம். ஃபேன், ரவுட்டர், ஒரு விளக்கை நேரடி டிசிக்கு மாற்றினால் அந்த நேரத்தில் இன்வெர்ட்டரையே அணைக்கலாம். பிஎல்டிசி ஃபேனில் 24 வோல்ட் டிசி ரகம் கிடைக்கும், ரவுட்டருக்கு 24லிருந்து 12க்கு இறக்கும் சின்ன பக் கன்வர்ட்டர் போதும். இதில் மட்டும் ராத்திரிக் கணக்கில் 350 வரை குறையும்.

மாட்டும்போது: பேட்டரியைக் கன்ட்ரோலரில் முதலில் இணையுங்கள், பேனலைக் கடைசியில். கழற்றும்போது தலைகீழ். மூன்று பேனல் சீரிஸில் 115 வோல்ட் டிசி. வெயிலில் பேனல் ஒயரை இணைக்கும் எம்சி4 கனெக்டரை லோடோடு இழுத்தால் ஆர்க் அடிக்கும், அந்தத் தீ தானாக அணையாது. பேனல் பக்கம் டிசி எம்சிபி போடுங்கள். வீட்டு ஏசி எம்சிபி அந்த ஆர்க்கை வெட்டாது. டிசி எம்சிபி பலவற்றில் பிளஸ் மைனஸ் திசை உண்டு, மாற்றி மாட்டினால் அதுவே எரியும்.

பேட்டரி பக்கம் 35 ஆம்ப் கன்ட்ரோலருக்கு 50 ஆம்ப் ஃபியூஸ், 10 ஸ்கொயர் ஒயர். இன்வெர்ட்டருக்கு 125 ஆம்ப் ஃபியூஸ், 35 ஸ்கொயர், ஒன்றரை மீட்டருக்குள். இப்போது ஒயர் முனையில் இருக்கும் உலோக லக்குகளைச் சுத்தியால் தட்டி மாட்டியிருந்தால் ஹைட்ராலிக் கிரிம்பரில் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் கிளம்பும்போது விளக்கு மினுக்கினால் பெரும்பாலும் அந்த லக்தான்.

கரிசல்தோட்டம்

150/35ம், 540க்குத் தனி 100/20ம் விலை கேட்டிருக்கேன். பேனலைத் தூக்க ஆங்கிள் வெல்டிங் இந்த வாரம். மூணு ஈக்வலைஸ் முடிஞ்சதும் 12 செல் கிராவிட்டியையும் குண்டு பல்பு டெஸ்ட்டையும் இங்கேயே போடுறேன். அதுவரைக்கும் லித்தியம் பக்கம் போகல. 540ஐ அதே தகரக் கூரையில வைக்கலாமா, இல்ல தரையில ஸ்டாண்டா?

அகல்விளக்கு

தரையில் வைத்தால் துடைக்க எளிது, சூடும் குறைவு. கரிசலில் கோடைக்கு நிலம் வெடிக்கும், மழைக்கு ஊதும். மேலோட்டமாகக் கான்கிரீட் போட்ட கால் ஒரு வருஷத்தில் சாயும். 3 அடியாவது இறக்குங்கள். காற்று பேனலைத் தூக்கத்தான் பார்க்கும், எனவே கீழே கனம் வேண்டும். பேனலின் கீழ் விளிம்பு ஆடு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கருவேல மர நிழல் காலை 9 முதல் மாலை 3 வரை ஒரு மூலையில்கூட விழக்கூடாது, மார்கழியில் நிழல் நீளும் என்பதையும் பார்த்துக்கொண்டு இடம் குறியுங்கள்.